கௌரவம் ஆணவமான கதை

2013 ஏப்ரலில் இயக்குநர் ராதாமோகனின் படம் ஒன்று வந்தது. சாதி கடந்த காதலுக்கு ஒரு கிராமத்தில் என்ன நேர்ந்தது என்று தேடிப் போகும் கதை. படத்தின் பெயர் 'கௌரவம்'. அன்றைக்குச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் டீக்கடை பெஞ்சிலும் புழங்கிய சொல் அதுதான்: கௌரவக் கொலை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம்கூட முழுதாகக் கழியவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சாதி கடந்து மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவி கௌசல்யா தலையில் வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். அந்தக் கொலையைத் தமிழ்நாடு வேறொரு சொல்லால் பேசியது: ஆணவக் கொலை.

இந்த இடைவெளிக்குள் ஒரு சொல்லை இறக்கிவிட்டு இன்னொரு சொல்லை ஏற்றியிருக்கிறது தமிழ். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வெண்ணந்தூர் பொருத்தமான இடம். எங்கள் ஊருக்கு வடக்கே ஓமலூர், தென்மேற்கே திருச்செங்கோடு. 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் ஊர் ஒன்று. அவர் கடத்தப்பட்ட ஊர் மற்றது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் விசைத்தறிகள் ஓடுகின்றன.

ஆனால் கதையை ஆங்கிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வம்பு அங்கேதான் பிறந்தது.

'ஆனர்' என்கிற ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முதலில் 'ஹெச்' போட வேண்டும், சொல்லும்போது அதை விழுங்கிவிட வேண்டும். பிரிட்டிஷ்காரர் நடுவில் 'யு' சேர்ப்பார். வெப்ஸ்டரின் 1828 அகராதிக்குப் பிறகு அமெரிக்கர் அதை எடுத்துவிட்டார். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்த சொல் அது. ரோமில் அதற்குப் பதவி என்றே ஒரு பொருள் உண்டு. அரசுப் பணியில் ஒருவர் படிப்படியாக ஏறும் பதவி வரிசைக்கே அந்தச் சொல்லால்தான் பெயர். 1066க்குப் பிறகு நார்மானியர் ஆட்சியில், பல பண்ணைகளை உள்ளடக்கிய பெரிய நிலக்கிழமைக்கும் 'ஆனர்' என்று பெயர் வந்தது. லங்காஸ்டர் ஆனர், ரிச்மண்ட் ஆனர் என்றெல்லாம் சொல்வார்கள். மனத்துக்குள் இருப்பதாக நாம் நினைக்கும் ஒன்று அங்கே ஏக்கர் கணக்கில் அளந்து காட்டக்கூடிய நிலமாக இருந்தது.

கொங்குநாட்டில் பிறந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படாது. இங்கே காணி என்பது நிலத்தின் மேல் இருக்கும் உரிமை. அதே காணிதான் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதையும் சொல்லும். பரிவட்டம் யார் தலையில், தீர்த்தம் யார் கையில் முதலில் என்பதற்கெல்லாம் அடியில் மண் இருக்கிறது. நிலம் கைமாறிய பிறகும் மரியாதை கைமாறாமல் நிற்கும் ஊர்கள் உண்டு. அங்கேதான் சண்டை அதிகம்.

ஆங்கிலச் சொல்லின் வயிறு பெரிது. வாளோ துப்பாக்கியோ ஏந்தி இரண்டு கனவான்கள் விடியற்காலையில் ஒருவரை ஒருவர் கொன்றுகொள்வது 'ஆனர்' விவகாரம். சீட்டாட்டத்தில் தோற்ற பணத்தை, கோர்ட்டுக்குப் போக முடியாவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டும் என்பது 'ஆனர்' கடன். வங்கி ஒரு காசோலைக்குப் பணம் தந்தால் அதை 'ஆனர்' செய்துவிட்டது. பி.ஏ. ஆனர்ஸ் என்றால் கூடுதல் படிப்பு. நீதிபதியை விளிப்பதும் அதே சொல்தான். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இந்தச் சொல்லுக்கு வரிசையாகப் பொருள் கொடுத்துக்கொண்டே வருகிறார்: உயர்வு, புகழ், பதவி, மன மேன்மை. அந்த வரிசையில் கற்பு என்பதும் வருகிறது. ஆணுக்கு அவன் செய்ததால் வரும் 'ஆனர்', பெண்ணுக்கு அவள் செய்யாமல் இருந்ததால் வரும். அந்த 'ஆனர்' அவளுடையதுகூட இல்லை. அவள் தூக்கிச் சுமக்கும் வீட்டு ஆண்களின் சொத்து.

தமிழில் இந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். சொன்ன தேதியில் பணம் கட்டுபவர் எங்கள் பக்கத்தில் நாணயமான மனுஷர். லாரிக்கும் ரிக் வண்டிக்கும் ஃபைனான்ஸ் கொடுத்தே வளர்ந்த நாமக்கல், திருச்செங்கோடு பகுதியில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. சபையில் கிடைப்பது மரியாதை, பேச்சுவழக்கில் மருவாதி. நீதிபதிக்கும் மந்திரிக்கும் கனம் போட்டார்கள், பிறகு மாண்புமிகு போட்டார்கள். இழந்தால் உயிர் வாழக் கூடாது என்று குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியது மானத்துக்கு. அந்த அதிகாரம் பேசுவது முழுக்க ஒருவர் தன் செயலால் தனக்குத் தேடிக்கொள்ளும் இழிவைப் பற்றி. அடுத்த வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பது அதில் எங்கும் இல்லை.

கௌரவம் இவற்றில் எதுவும் இல்லை. சமஸ்கிருதத்தில் கனமானது என்று பொருள்படும் 'குரு' என்பதிலிருந்து வந்த சொல் அது. எடை என்பதே அதன் வேர். தமிழில் அது அந்தஸ்து, தோரணை என்ற அர்த்தத்தில் உட்கார்ந்துகொண்டது. கௌரவமான குடும்பம், கௌரவமான உத்தியோகம். எங்கள் பாட்டிமார் வாயில் கெவுரதை. 1973இல் சிவாஜி கணேசன் பாரிஸ்டர் ரஜினிகாந்தாக வந்து தோற்க மறுத்த படத்துக்கும் அதுதான் பெயர். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கியவர்கள் 'ஆனர்' வந்த இடத்தில் இத்தனை சொற்களுக்கு நடுவில் கௌரவத்தைப் பொறுக்கியெடுத்து, கொலைக்கு முன்னால் ஒட்டினார்கள்.

ஆங்கிலத்திலும் அந்த ஒட்டு மிகப் புதிது. 1978இல் நெதர்லாந்தில் துருக்கியச் சமூகத்தை ஆராய்ந்த ஆனெ நௌதா என்ற அறிஞர்தான் இந்தக் கருத்துக்குத் தனிப் பெயர் கொடுத்தவர் என்று சொல்வார்கள். பங்காளிப் பகையில் குடும்பத்துக்குக் குடும்பம் பழிதீர்க்கும் கொலை ஒன்று. தன் வீட்டுப் பெண்ணைத் தானே கொல்வது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. துருக்கியில் இதற்குச் சொல் வளம் உண்டு: ஆண் வெளியுலகில் சம்பாதிக்கும் பெருமைக்கு 'ஷெரெஃப்', பெண்ணின் உடலோடு கட்டப்பட்ட மானத்துக்கு 'நாமூஸ்'. ஆங்கிலத்துக்கு வரும்போது இரண்டும் ஒரே 'ஆனர்' ஆகிவிட்டன. அங்கிருந்து அது உலகச் செய்தி நிறுவனங்களின் கையேட்டுக்குள் போயிற்று.

இந்தியாவில் அந்தச் சொல் சட்டத்தின் பார்வைக்கு வந்தபோது நீதிபதிகளுக்கே அது தொண்டையில் சிக்கியது. 2006இல் லதா சிங் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இந்தக் கொலைகளில் கௌரவம் என்று எதுவும் இல்லை, இவை வெட்கக்கேடான காட்டுமிராண்டிச் செயல்கள் என்ற கருத்தில் கடுமையாக எழுதியது. 2007இல் ஹரியானாவில் காதலித்து மணந்த மனோஜும் பப்ளியும் கொல்லப்பட்டு, 2010 மார்ச்சில் கர்னால் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது நாடு முழுக்க அந்தச் சொல் பரவியது. 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கு வந்தது. அது தமிழ்நாட்டு வழக்கு. சாதிப் பெயரால் திட்டியது பற்றியது. அதிலும் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் அடங்கிய அமர்வு, கட்டப்பஞ்சாயத்துகளையும் இந்தக் கொலைகளையும் சேர்த்தே கண்டித்தது. ஒவ்வொரு முறையும் நீதிபதிகள் சொல்லைப் பயன்படுத்தினார்கள், பயன்படுத்திய கையோடு அந்தச் சொல் பொய் என்றும் சொன்னார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அதை மேற்கோள் குறிக்குள் அடைத்தன. பிரிட்டனில் 'என்று சொல்லப்படுகிற' என்ற முன்னொட்டைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் மறுப்போடு சேர்த்தே உச்சரிக்க வேண்டிய சொல்லை எத்தனை நாள் வைத்துக்கொள்வது?

ஆனாலும் பெயர் என்று ஒன்று இருந்ததால் நடந்த நன்மையையும் சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014இலிருந்துதான் கொலைக்கான காரணங்களில் இதைத் தனியாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது. அந்த ஆண்டு நாடு முழுக்க 28 என்று காட்டியது. அடுத்த ஆண்டு 251. ஒரே வருஷத்தில் கொலைகாரர்கள் ஒன்பது மடங்கு பெருகிவிட்டார்கள் என்று யாரும் நம்பப்போவதில்லை. காவல் நிலையங்கள் அந்தக் கட்டத்தை நிரப்பக் கற்றுக்கொண்டன, அவ்வளவுதான். பெயர் இல்லாத குற்றம் தற்கொலை என்றும், வயிற்றுவலி என்றும், கிணற்றில் தவறி விழுந்தது என்றும் கோப்புக்குள் புதைந்துவிடும். 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே, சாதி கடந்து மணந்த கண்ணகிக்கும் முருகேசனுக்கும் வாயிலும் மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அந்த வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆயிற்று.

அதற்கும் முந்தைய காலத்தில் தமிழர்கள் இவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, கொல்லப்பட்டவர்களைச் சாமியாக்கினார்கள். ஆரியமாலையை விரும்பியதால் கழுவேற்றப்பட்ட காத்தவராயன், பொம்மியைத் தூக்கிப்போய் மணந்து கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன். குற்றத்தைப் பேசாமல் குற்ற உணர்ச்சிக்குப் படையல் போடும் வழி அது. அந்தச் சாமிகளைக் கும்பிடுகிறவர்களே தங்கள் வீட்டில் அந்தக் கதை நடந்தால் அரிவாள் எடுப்பதும் உண்டு.

கௌரவம் என்கிற இந்த எடை ஊருக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளியூரில் இருந்து எழுதுகிறவர்கள் இதை ஏதோ பழங்குடி வெறி போலச் சித்தரித்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பது கணக்கு. எங்கள் பக்கத்தில் மாரியம்மன் பண்டிகை சாட்டினால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அந்த வரியைக் கொடுப்பது செலவு இல்லை, உரிமை. ஒரு வீட்டின் வரியை ஊர் வாங்க மறுத்துவிட்டால் அந்த வீடு ஊரில் இல்லை. மாவிளக்கு இல்லை, பொங்கல் இல்லை, சாவு விழுந்தால் தூக்க ஆள் இல்லை. மொய் நோட்டில் இத்தனை வருஷம் எழுதி வைத்தது திரும்பி வராது. கல்யாணத்துக்கு மாமன் சீர் கொண்டுவர மச்சான் வரமாட்டார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது. தறிப்பட்டறைக்குக் கைமாற்றுக் கொடுத்தவர் திடீரென்று பணத்தைத் திருப்பிக் கேட்பார். 'நாலு பேரு என்ன சொல்லுவாங்க' என்ற வாக்கியத்தில் வரும் அந்த நாலு பேர், பாடை தூக்கும் நாலு பேர் மட்டுமில்லை. கடன் கொடுக்கும், பெண் கொடுக்கும், சாட்சி சொல்லும் நாலு பேர்.

இதைச் சொல்வது எந்தக் கொலைக்கும் சமாதானம் ஆகாது. இந்த அச்சம் ஒரு தகப்பனைத் தூங்கவிடாது என்பது உண்மை. ஆனால் இதே நெருக்கடியில் இருந்த ஆயிரக்கணக்கான தகப்பன்கள் அழுதுவிட்டு, கொஞ்ச காலம் பேசாமல் இருந்துவிட்டு, பேரப்பிள்ளை பிறந்ததும் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கௌரவம் இருந்தது. அரிவாளை எடுத்தவனின் செயலுக்கு அவர்களுடைய சொல்லை ஏன் கொடுக்க வேண்டும்?

சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தை அடுத்து, 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டது. 2013 ஜூலை 4 அன்று அந்த மணமகன் இளவரசன் தண்டவாளத்தின் அருகே இறந்து கிடந்தார். பெருமாள்முருகன் தன் 'பூக்குழி' நாவலை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்த மாதங்களில்தான் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பெரியாரிய அமைப்புகளும் கௌரவம் என்ற சொல்லைத் தள்ளத் தொடங்கின. ஆணவக் கொலை என்ற சொல்லின் கீழ் எந்த ஒரு தனி ஆளின் கையெழுத்தும் இல்லை. சுவரொட்டிக்கும் துண்டறிக்கைக்கும் மேடைக்கும் பழகிப் பழகி வந்த சொல். தமிழுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளி ஆக்கினோம். அந்த மாற்றம் அரசிடமிருந்து, கருணாநிதியிடமிருந்து வந்தது. கற்பழிப்பு என்ற சொல்லைப் பெண்ணியவாதிகள் விடாமல் மறுத்து, பாலியல் வல்லுறவு, வன்கொடுமை என்று பத்திரிகைகளை எழுத வைத்தார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் ஆணவக் கொலையும்.

அந்தச் சொல்லை எங்கள் மாவட்டம் தவிர்க்க முடியாததாக்கியது 2015இல்.

அந்த வருஷம் திருச்செங்கோட்டுக்கு நல்ல வருஷமாக இல்லை. ஜனவரியிலேயே பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் ஊர்ப் பெண்களின் மானத்தைக் கெடுத்துவிட்டது என்று கடையடைப்பு நடந்து, நாமக்கல்லில் பேச்சுவார்த்தை என்ற பெயரில் ஓர் எழுத்தாளரை எழுதுவதையே விட்டுவிடும் நிலைக்குத் தள்ளினார்கள். பெண்களின் மானத்துக்குக் காவலர்கள் தெருவில் இறங்கிப் பழகிய ஊரில், ஐந்து மாதம் கழித்து, ஜூன் 23 அன்று, அதே மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். கோகுல்ராஜ், 21 வயதுப் பொறியியல் பட்டதாரி, தலித். கூட வந்தவர் கல்லூரித் தோழி. கவுண்டர் சமூகத்துப் பெண். இருவரும் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கும்பல் அங்கிருந்து கோகுல்ராஜைக் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தொட்டிபாளையத்தில் ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடல் கிடந்தது. தற்கொலை போலக் காட்ட ஏற்பாடெல்லாம் செய்திருந்தார்கள்.

கும்பலுக்குத் தலைவர் தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவையின் யுவராஜ். தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை உலவவிட்டார். வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுப்பிரியா செப்டம்பர் 18 அன்று திருச்செங்கோட்டில் தன் குடியிருப்பில் உயிர் துறந்தார். அக்டோபர் 11 அன்று நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் யுவராஜ் சரணடைந்தபோது வாழ்த்து முழங்க ஆள்கூட்டம் நின்றது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் யாருக்காவது இது கௌரவம் பறிபோன ஒருவரின் துயரம் என்று தோன்றியிருக்குமா?

இந்த வழக்கில் கௌரவக் கொலை என்ற சொல் உடைந்துபோன இடம் ஒன்று உண்டு. அதைப் போதுமான அளவு யாரும் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ஆனெ நௌதாவின் விளக்கத்திலும், பிறகு வந்த அகராதிகளிலும், கொல்கிறவர் பெண்ணின் குடும்பத்தார். அப்பா, அண்ணன், மாமன். உடுமலையிலும் விருத்தாசலத்திலும் அப்படித்தான் குற்றம் சாட்டப்பட்டது. திருச்செங்கோட்டில் யுவராஜ் அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை, அண்ணன் இல்லை, பங்காளியும் இல்லை. போக வேண்டிய மானம் அவர் வீட்டு மானம் இல்லை. வரி வாங்க மறுக்கப்படும் தலைக்கட்டும் அவருடையது இல்லை. நான் மேலே சொன்ன அந்தக் கணக்கில் ஒரு வரிகூட அவருக்குப் பொருந்தாது. ஒரு வயது வந்த பெண் யாரோடு கோயிலுக்குப் போகலாம் என்று முடிவு செய்யும் உரிமையை, அவளைப் பெற்றவர்களிடமிருந்தும்கூடப் பிடுங்கி, சாதிச் சங்கத்தின் பொதுச் சொத்தாக்கிக்கொண்ட செயல் அது. அந்த இடத்தில் கௌரவம் என்ற சொல் தானாகவே கழன்று விழுந்துவிட்டது. அதிகாரம், திமிர், ஆணவம் என்ற சொற்கள்தான் மிச்சம்.

ஆணவம் வெறும் திட்டுச் சொல் இல்லை. அது சைவ சித்தாந்தத்தின் சொல். மெய்கண்டார் காலம் தொட்டு 13ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழில் ஆழமாக யோசிக்கப்பட்ட சொல். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களில் அதுதான் மூலமலம். அதன் வேர் அணு. எங்கும் பரந்திருக்க வேண்டிய உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடுவது எதுவோ அதுவே ஆணவம். பெரிதாக நினைத்துக்கொள்வதைத்தான் வழக்கில் ஆணவம் என்கிறோம். சித்தாந்தம் சொல்வது அதற்கு நேர் எதிர்: அது ஆளைச் சிறுக்க வைக்கும் நோய். உமாபதி சிவம் திருவருட்பயனில் இன்னும் ஒரு படி போகிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருட்டு என்பதையாவது காட்டிவிடும். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. கொலை செய்துவிட்டு அதைக் கௌரவம் என்று நம்பும் மனத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை எந்தச் சட்டநூலும் தரவில்லை. அந்தக் கடத்தல் நடந்தது ஒரு சிவன் கோயிலில். ஓர் உடம்பில் பாதி பெண்ணாகவும் பாதி ஆணாகவும் நிற்கும் சிவன் முன்னிலையில். துண்டறிக்கை எழுதிய தோழர்கள் உமாபதி சிவத்தை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் மொழிக்கு நினைவு உண்டு.

புதிய சொல்லின் மேலும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. ஆணவம் ஒரு தனி மனிதரின் குணக்கேடு போல ஒலிக்கிறது. யாரோ ஒருவர் திமிரில் செய்துவிட்டார் என்று ஊர் கை கழுவிவிட வழி விடுகிறது. யுவராஜைச் சரணடைய அழைத்து வந்த கூட்டத்துக்கு அந்தச் சொல்லில் இடம் எங்கே? அதனால்தான் கவனமாகப் பேசுகிறவர்கள் சாதி ஆணவக் கொலை என்று மூன்று சொல்லாகச் சொல்கிறார்கள். நீளம்தான். ஆனால் அந்த முதல் சொல்லை விட்டுவிட்டால் கொலைக்குக் காரணம் மறைந்து போகும். தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2017 ஜூனில் தனிச் சட்டம் கேட்டுச் சேலத்திலிருந்து சென்னைக்கு நடைபயணம் போனதும் இந்தப் பெயரைத் தாங்கித்தான்.

வழக்கு தன் போக்கில் நடந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். விசாரணை 2019இல் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. பவானி வழக்கறிஞர் ப. பா. மோகன் அரசுத் தரப்பில் நின்றார். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பேசியது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜுக்குச் சாகும் வரை சிறை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம். எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு வந்து, கோயிலில் கேமராக்கள் இருந்த இடங்களையும் தண்டவாளத்தையும் நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூன் 2 அன்று தண்டனையை உறுதி செய்தார்கள். இருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது. எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைந்த கோகுல்ராஜின் தாயைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. மகன் தண்டவாளத்தில் தானாக விழவில்லை என்பதை நிரூபிக்க ஒரு பெண் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது.

சட்டத்துக்கு வருவோம். இன்றைக்கு நிஜமான சிக்கல் அங்கே இருக்கிறது. 2012 ஆகஸ்டில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 242ஆவது அறிக்கையைக் கொடுத்தது. அறிக்கையின் தலைப்பிலேயே, கௌரவம், மரபு ஆகியவற்றின் பெயரால் திருமண உறவில் தலையிடுவதைத் தடுப்பது என்று வருகிறது. 2019இல் ராஜஸ்தான் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவின் தலைப்பும் கிட்டத்தட்ட அதேதான். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்றெல்லாம் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் அதற்கு இரண்டாண்டு முன்பே, 2016 ஏப்ரலில், திலீப்குமார் வழக்கில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அத்தகைய தனிப் பிரிவுகளுக்கு உத்தரவிட்டிருந்தார். 2025 ஜூலை 27 அன்று நெல்லையில் மென்பொருள் பொறியாளர் கவின் சாதி கடந்த காதலுக்காகக் கொல்லப்பட்டார். அந்த அக்டோபரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவையில் பேசப்பட்டது ஆணவப் படுகொலை என்ற சொல்லே. சுவரொட்டியில் வளர்ந்த சொல் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சட்டமன்றக் குறிப்பேட்டுக்குள் போய்விட்டது.

பெயர் மாறினால் போதாது, வரையறையும் மாற வேண்டும். சட்ட ஆணையத்தின் 2012 வரைவு, ஒரு திருமணத்தைக் கண்டிக்கக் கூடும் கூட்டத்தைத் தடை செய்கிறது. திருமணம் என்பதற்குள் நடக்கவிருக்கும் திருமணத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோகுல்ராஜுக்கும் அந்தப் பெண்ணுக்கும் திருமணம் நடக்கவும் இல்லை, நாள் குறிக்கவும் இல்லை. கோயிலில் உட்கார்ந்து பேசினார்கள். கொன்றவர் பெண்ணின் உறவினரும் இல்லை. குடும்பம் என்று எழுதினாலும் கோகுல்ராஜ் வழக்கு வெளியே நிற்கும், திருமணம் என்று எழுதினாலும் வெளியே நிற்கும். சென்னையில் புதிய சட்டத்தின் முதல் பக்கத்தை எழுதப் போகிறவர்கள், வரையறைப் பிரிவை முடித்த பிறகு, 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைமேல் நடந்தது அதற்குள் அடங்குகிறதா என்று ஒரு தடவை பொருத்திப் பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் திருப்பி எழுத வேண்டும்.